குன்னத்துகால் பக்கம் ஓர் ‘அறிவு நகரம்’: மகளைச் சேர்க்கும் முன் போய்ப் பார்த்தேன்

மகளுக்குத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. பாறசாலைக்குக் கிழக்கே, குன்னத்துகால் பக்கம் புது வளாகம். விளம்பரப் புத்தகத்தில் அதற்கு ‘அறிவு நகரம்’ என்று பெயர். சேர்ந்தால் திருநெல்வேலிக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். படத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையை அனுப்ப எனக்கு மனசில்லை. அதற்கு முந்தின நாள், போன வியாழக்கிழமை, இருவரும் கிளம்பினோம்.

காலை 5.10க்குத் திருநெல்வேலியில் பேருந்து. நாகர்கோவிலில் இறங்கி ரயில் பிடித்து, பாறசாலை சேரும்போது 9.20. ரயிலில் உட்கார இடமில்லை, என் முட்டி அப்போதே கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 250 ரூபாய்.

“முன்ன இங்க வெறும் ரப்பர் தோட்டம். இப்பம் யுனிவர்சிட்டி ஜங்ஷன் ஆக்கும்,” என்றார் ஓட்டுநர் பெருமையாக.

பொய்யில்லை. சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள், விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. கேம்பஸ் பேக்கரி, கேம்பஸ் டெய்லர்ஸ், கேம்பஸ் கோழிக்கடை. கோழிக்கு எதுக்கய்யா கேம்பஸ்! நுழைவு வளைவு மட்டும் மூன்று மாடி உயரம். உள்ளே ஒரே ஒரு கட்டடம். அலுவலகத்தில் இருந்தவர் வரப்போகும் நகரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வகுப்பைக் காட்டச் சொன்னால், வேலை நாளிலேயே, இன்று லீவு என்றார்.

பசி கண்ணை அடைத்தது. எதிரே சலோமி அக்காவின் சாப்பாட்டுக் கடை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆளுக்கு 80 ரூபாய், அருமையான ருசி. வளாகம் வருகிறதென்று ரப்பரை வெட்டிவிட்டு, மாடியில் மாணவிகளுக்காக ஆறு அறை கட்டியிருக்கிறார். இரண்டில்தான் ஆள் இருக்கிறது.

“பிள்ள இங்க வந்தா நான் பாத்துக்கிடுவேன்,” என்றார்.

“உங்க பிள்ளை என்ன செய்யுது அக்கா?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“ஒரு மவ. காலேஜ்ல படிக்கா.”

“இங்கேயா?”

சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் மகளைப் பார்த்தார். “இல்ல மக்கா. நாகர்கோயில்ல ஆக்கும். இங்க பாடம் எடுக்க வாற ஸாறம்மாரு ரெண்டு மாசம் நிக்கமாட்டாவ. எல்லாரும் ரூம் உண்டான்னுதான் கேப்பாவ. எம் மவ எங்க படிக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல.”

மகள் கை கழுவிவிட்டு வந்து, “ஊருக்குப் போலாம்மா,” என்றாள்.

பல்கலைக்கழகம் வந்தால் ஊர் செழிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் பாடம் நடக்கட்டும், வளைவும் பலகையும் அப்புறம் வரட்டும். இப்படிக் கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் வேலை நாளில் போங்கள், திரும்புகிற ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், மதியம் எதிர்க்கடையில் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு, கடைக்காரரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேளுங்கள்.

வீடு வந்து கட்டிலில் விழுந்தபோது உடம்பெல்லாம் வலி. மகள் தப்பித்தாள் என்று நிம்மதிதான். ஆனால் சலோமி அக்காவை நினைத்தால் மனசு கேட்கவில்லை. சொல்லாமல் இருந்தால் இன்னும் ஒரு அறை நிரம்பியிருக்கும் என்று தெரிந்தேதான் அவர் உண்மையைச் சொன்னார்.