வேண்டுமென்றே ஒரு தப்பு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கம் ஆட்டோக்காரரிடம் "கணக்கு டீச்சர் வீடு" என்றால் போதும், வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்த டீச்சர் என் மனைவி. காலையும் மாலையும் எங்கள் மாடிப்படியில் பிள்ளைகளின் செருப்பு குவிந்து கிடக்கும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவளிடம் படித்து நல்ல மார்க் வாங்க, பெற்ற மகள் மட்டும் பத்தாம் வகுப்பில் டெஸ்டுக்கு டெஸ்ட் கணக்கில் ஃபெயில். அம்மா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். பரீட்சையில் பாதிப் பேப்பர் வெள்ளையாக இருக்கும். பப்ளிக் எக்ஸாம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆன்லைன் ட்யூஷன் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னதே என் மனைவிதான். நான் தாம்தூம் என்று குதித்தேன். மன்னார்புரத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன். எங்கேயோ ஒருமுறை என் நம்பரைக் கொடுத்துத் தொலைத்ததிலிருந்து, வீலைக் கழற்றும் நேரம் பார்த்து, "சார், உங்க குழந்தையோட எதிர்காலம்" என்று ஒரு குரல் உயிரை வாங்கியது. படிக்கிறேன் என்று போனைக் கையில் வாங்குகிற பிள்ளை அதில் வேறென்ன பார்க்கும் என்று யார் கண்டது? முகம் தெரியாத ஆள் வீட்டு அறை வரைக்கும் வருகிறார். அதையெல்லாம் விட, கணக்கு டீச்சர் மகளுக்கே வெளி டீச்சர் என்றால் தெரு சிரிக்காதா? எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"சிரிச்சா சிரிக்கட்டுங்க. அவ பாஸ் பண்ணணும்" என்றாள்.

காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரிதான் அவள் டீச்சர் பொறுக்கினாள். ஒவ்வொரு கம்பெனியிலும் இலவச டெமோ வகுப்புக்குப் பதிந்தாள். தானும் ஒரு டீச்சர் என்று மூச்சு விடவில்லை. நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பான விடை சொல்லு என்று மகளிடம் சொல்லிவைத்தாள். பிள்ளை சரியாகச் சொன்னால் எவரும் நல்ல டீச்சர்தான், தப்பாகச் சொல்லும்போதுதான் சரக்கு தெரியும் என்பது அவள் கட்சி. நாங்கள் இருவரும் கேமராவில் விழாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்போம்.

முதல் ஆள் தப்பான விடைக்கு "சூப்பர், வெரிகுட்" என்றார். அடுத்தவர் சரியான விடையைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினார். மூன்றாவது இடத்தில், உங்கள் பிள்ளைக்கு அடிப்படையே இல்லை, இன்றைக்கே சேர்த்தால்தான் தேறும் என்று மேனேஜர் லைனில் வந்து பயமுறுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவியோ, கடைசி வரை ஒரே டீச்சர்தானா, பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் போடுவார்களா, வகுப்பின் ரெக்கார்டிங்கை நாங்கள் பார்க்க முடியுமா என்று பொறுமையாகக் கேட்டாள். அவர் மென்று விழுங்கியதும் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். இவ்வளவு விவரமானவளோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேனா என்று எனக்கே ஆச்சரியம்.

நான்காவதாக வந்தது ஒரு சின்னப் பெண். உலகத்தையே வலைபோட்டுத் தேடினால் கிடைத்தவள் இருப்பது இதோ பக்கத்தில் துவாக்குடியில். அங்கே ரூம் எடுத்துத் தங்கி மேல்படிப்பு படிக்கிறாள். மேலே எக்ஸ் ப்ளஸ் டூ, கீழே எக்ஸ் என்று ஒரு பின்னம் கொடுத்தாள். மகள் இரண்டு எக்ஸையும் அடித்துவிட்டு, விடை இரண்டு என்றாள். நன்றாக நடிக்கிறாள் என்று என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பெண் தப்பு என்று சொல்லவில்லை. எக்ஸுக்கு ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னாள். மூன்று வந்தது. "அப்ப ரெண்டு எப்படி வந்துச்சு? நீங்க என்ன நெனச்சு அடிச்சீங்கன்னு சொல்லுங்க, அவசரமே இல்ல" என்றாள்.

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு நெஜமாவே தெரியாது மிஸ். எட்டாவதுலேர்ந்தே தெரியாது. எங்கம்மா மேத்ஸ் டீச்சர். அவங்ககிட்ட போய்த் தெரியலன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

அப்படியென்றால் முந்தைய டெமோக்களில் சொன்னதும் நடிப்பில்லை. என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லை கத்தியிருப்பார்கள். அவள் எழுந்து முதல் தடவையாகக் கேமராவுக்கு முன்னால் போய் நின்று, நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்றாள். அந்தப் பெண் பதறிப்போய், அம்மாவும் கூடவே உட்காரலாம் என்றாள்.

"வேண்டாம்மா. நான் பக்கத்துல இல்லாம இருந்தாத்தான் அவ கேப்பா."

மகள் பாஸாகிவிட்டாள், பெரிய மார்க் ஒன்றுமில்லை. வகுப்பு முடிந்தும் போன் கையை விட்டு இறங்காமல் நடந்த சண்டைகளும் உண்டு. ரெக்கார்டிங்கை நான்தான் பார்த்தேன். என் மனைவி ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த நான்காவது டெமோ நாள்தான். என்னையும் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்து, கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் நின்றாள். உள்ளே மகளின் குரல் கேட்டது.

"புரியல மிஸ். இன்னொரு தடவ சொல்லுங்க."

என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. முகமெல்லாம் சந்தோஷம்.

"கேட்டீங்களா? புரியலன்னு சொல்றா பாருங்க" என்றாள்.