செல்லமுத்து கடை நம்பர்

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் செல்லமுத்துவின் ஆன்லைன் சென்டர் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் யார் எந்த விண்ணப்பம் போட்டாலும் கைபேசி எண் என்று கேட்கிற இடத்தில் செல்லமுத்து கடைக்கென்று தனியாக வைத்திருந்த எண்தான் இருக்கும். ரேஷன் அட்டையா, முதியோர் பென்ஷனா, பிள்ளையின் காலேஜ் அட்மிஷனா, "ஒங்க நம்பரையே போட்டு விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாஸ்வேர்டும் அவரே வைப்பார், நாற்பது பக்க நோட்டில் எழுதியும் வைப்பார். யாருக்கு ஓ.டி.பி. வந்தாலும் அவர் போன்தான் மணியடிக்கும். இதில் மனிதர் ஒரு தப்புத்தண்டா செய்தார் என்று இன்றுவரை ஒரு பேச்சு வந்ததில்லை. வந்திருந்தால் கலைமதி பிழைத்திருப்பாள்.

செல்லமுத்து கலைமதியின் அம்மா அமராவதிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அப்பா ஆண்டியப்பன் பதினாறு வருஷமாகச் சிங்கப்பூரில் கட்டட வேலை. அதனால் ப்ளஸ் டூ முடித்த நாளிலிருந்து கலைமதியின் விண்ணப்பம் எல்லாம் இந்த மாமா போட்டதுதான். ஒரு பைசா வாங்கியதில்லை. அரசு வேலைக்கான இணையதளப் பதிவையும் அவரே, அவருடைய நம்பரிலேயே போட்டு வைத்தார்.

பி.இ. முடித்தவள், திருச்சியில் எம்.இ. சேர்ந்தாள். தகவல் பாதுகாப்பு, கணினிப் பாதுகாப்பு. "அதென்னடி, கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன் வேலையா?" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தார்கள். ஆறே முக்கால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே இரண்டு வருஷம் படித்தாள். எவ்வளவு பெரிய பூட்டாக இருந்தாலும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் பேச்சு. அந்தப் படிப்பைச் சுருக்கினால் அவ்வளவுதான்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டதே செல்லமுத்து கடையைத்தான். ஊரே தன் ரகசிய எண்களை ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறதே, அந்தப் பழக்கத்தை. நூற்றுப்பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினாள். தொண்ணூற்றேழு வீட்டில் அவர் நம்பர்தான். பேராசிரியை மெச்சினார், சென்னைக் கருத்தரங்கில் கை தட்டினார்கள். தன் வீட்டை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. ஆய்வு செய்கிறவர் தன்னையே எண்ணக்கூடாதாம், அப்படி ஒரு முறை இருக்கிறதாம். நல்ல முறை, போங்கள்.

தன் பதிவிலும் அவர் நம்பர் இருப்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மாற்ற வேண்டும் என்று மூன்று தடவை கடை வாசல்வரை போனாள். மாற்றினால் ஓ.டி.பி. அவருக்குப் போகும். "எதுக்காத்தா மாத்துற?" என்று கேட்பார். காசு வாங்காமல் எழுதிக்கொடுத்த மனிதரிடம் என்ன பதில் சொல்வது? உங்கள் மேல் சந்தேகம் என்றா? ஒவ்வொரு தடவையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆய்வுக்காரியாகப் போனபோது மட்டும் அந்தத் தைரியம் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. ஊருச் சாவியெல்லாம் ஒரே ஆணியில தொங்குது. ஒங்க போன் தொலஞ்சா தொண்ணூத்தேழு வீடும் தெறந்து கெடக்கும்" என்றாள். செல்லமுத்து தலையை ஆட்டினார். அந்த வீடுகளின் பட்டியலில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஓர் அரசுத் துறையில் கணினிப் பாதுகாப்பு வேலைக்கு மாநிலம் முழுக்கப் பதினோரு இடம். ஏழு மாசத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்வில் கலைமதி தேறிவிட்டாள். ஹால் டிக்கெட்டுக்கும் ரிசல்ட்டுக்கும் பதிவு எண்ணே போதுமாக இருந்தது. வேலை கிடைத்தால் அப்பா மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. அமராவதி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள்கூடப் பார்த்துவிட்டாள். சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. காலேஜில் பட்டச் சான்றிதழை இழுத்தடித்து, கடைசி நாள் மதியம்தான் கையில் கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கெடு.

மூன்றரை மணிக்கு செல்லமுத்து கடையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்டு சரி. ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

"மாமா, மெசேஜ் வந்துச்சா பாருங்க."

"எந்த நம்பருக்கு? பழசுக்கா? அது இல்லையேத்தா."

"இல்லைன்னா?"

"நீதான சொன்ன. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல. ஒன் லிஸ்ட்டக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடாப் போயி, அவுகவுக நம்பரையே மாத்திக் குடுத்தேன். தொண்ணூத்தேழும் முடிச்சு டிக் அடிச்சுட்டு, சிம்ம வெட்டிப் போட்டுட்டேன். அஞ்சு மாசமாச்சு." நோட்டை எடுத்து நீட்டினார். வரிசையாக, பிசகில்லாமல் டிக் போட்டிருந்தார்.

"எனக்குச் சொல்லலையே மாமா."

"ஒனக்கா? நீ சொல்லிக் குடுத்தத ஒங்கிட்டயே வந்து சொல்றதா? நீ மொத நாளே மாத்தியிருப்பேன்னுல்ல இருந்தேன்." பேசப் பேசத்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உதவி மையத்துக்குப் போன் போட்டாள். நம்பரை மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும், அல்லது கடிதம் எழுதினால் பதினைந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். ஓ.டி.பி. இல்லாமலே உள்ளே நுழைகிற குறுக்கு வழி அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷமும் அதைத்தானே ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஆனால் அந்த வழியில் போகிறவர்களைப் பிடிப்பதற்குத்தான் இந்த வேலையே. கையை எடுத்துவிட்டாள்.

பழைய நம்பருக்கே அடித்துப் பார்த்தாள். மணி போனது. கம்பெனிக்காரன் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தான்.

"யாருங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா, எம் பேரு கலைமதி. கீரனூர்லருந்து பேசுறேன். இந்த நம்பர் முன்னாடி எங்க மாமாகிட்ட இருந்துச்சு. இப்ப ஒங்களுக்கு ஆறு நம்பர் மெசேஜ் வந்திருக்கும். அத மட்டும் படிச்சுச் சொல்லுங்கம்மா, ரொம்ப அவசரம்."

சொல்லி முடிக்கும்போதே தான் பேசியது அவள் காதிலேயே விழுந்தது. மோசடிப் போன்கள் என்று நூறு ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பெடுத்தவள் அவள். எல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

"வந்திருக்கு. ஆனா சொல்லமாட்டேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு."

"எனக்கு வேலைம்மா. அஞ்சு மணிக்குள்ள ஏத்தலன்னா போயிரும்மா."

"எல்லாரும் இப்டித்தான் அவசரம்னு அழுவுறாங்களாம். கொரலக் கேட்டா சின்னப் புள்ளையாட்டம் இருக்கு. நல்லா படிச்சு, ஒரு நல்ல வேலைக்குப் போயி, கௌரவமாப் பொழச்சுக்க தாயி. இந்தப் பொழப்பு ஒனக்கு வேணாம்."

போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தபோது போகவில்லை, அவள் நம்பரைத் தடுத்துவிட்டிருந்தார்கள். செல்லமுத்து தன் போனிலிருந்து அடித்து, "அம்மா, நான் அந்தப் புள்ளையோட மாமா பேசுறேன்" என்று ஆரம்பித்தார். "ஆள மாத்தி ஆளா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் போனையே அணைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கலைமதி மேடை போட்டுச் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஐந்து மணிக்குப் பக்கம் மூடிக்கொண்டது. செல்லமுத்து எதிரில் நிற்கத் தைரியமில்லாமல் ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டினாலாவது ஆறும் என்று கலைமதிக்கு இருந்தது. ஆனால் அவர் செய்தது அத்தனையும் அவள் சொன்னது.

ஐந்தரைக்கு ஆண்டியப்பன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். "ஏத்திட்டியாத்தா?"

"முடியலப்பா. தேதி முடிஞ்சுபோச்சு."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற ஓசை கேட்டது.

"சரித்தா, அழுவாத" என்றார். "எங்க சூப்பர்வைசர் வேலை பெர்மிட்ட இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போடவான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. போடச் சொல்லிர்றேன். சுண்ணாம்புக்கு வரச் சொன்ன ஆள மட்டும் இப்ப வேணாம்னு அம்மாவச் சொல்லச் சொல்லு."