படகின் பெயருக்கு வந்த காசு

எங்கள் முதலாளி வருவதைக் கண்டால் பேசாலைக் கரையில் காகம்கூடக் கவ்விய மீனைப் போட்டுவிட்டுப் பறக்கும். அதற்கும் ஒரு விலை சொல்லிவிடுவானோ என்ற பயம்.

மகனின் படகுக்கு இஞ்சின் கொடுத்தவன் அவன்தான். அதற்குப் பதிலாகப் பிடிக்கிற மீன் எல்லாம் அவனுக்கே, அவன் சொல்கிற விலைக்கே. வேண்டாம் என்று அவன் கழித்துவிடுகிற பொடி மீனை நான் உப்புப் போட்டுக் காயவைப்பேன். அந்தக் கருவாட்டைப் பிரான்சில் கடை வைத்திருக்கும் என் தங்கச்சிக்கு அனுப்பத் தொடங்கினேன்.

தங்கச்சி காசை வங்கிக்குப் போடவில்லை. போனுக்குள் வந்து விழுகிற டிஜிட்டல் காசாக அனுப்பினாள். அதை வாங்க ஒரு முகவரி வேண்டும். எழுத்தும் இலக்கமும் கலந்த, திருக்கை வால்போல் நீண்ட ஒரு முகவரி. அதற்குப் பதிலாக வாசிக்கக்கூடிய ஒரு பெயரை வைக்கலாம் என்றாள் மருமகள். நான் படகின் பெயரை வைக்கச் சொன்னேன். அது ஒரு புனிதரின் பெயர், காவலாக இருப்பார் என்று நினைத்தேன். கரையில் எல்லாரும் வாசிக்கிற பெயர் அது என்பதை நானும் யோசிக்கவில்லை, புனிதரும் யோசிக்கவில்லை.

அந்தப் பெயரைப் போனில் யார் அடித்துப் பார்த்தாலும், வந்த காசு, போன காசு எல்லாம் தெரியுமாம். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்திருந்தது. நண்டு வாங்கும் கொழும்புக்காரர் அவனுக்கும் இதே காசுதான் அனுப்பினார்கள். அதை வாங்க அவன் வைத்திருந்த பெயரும் அவனுடைய ஐஸ் லொறியில் பெரிதாக எழுதிக் கிடந்தது. பொழுதுபோகாத நேரத்தில் கரையில் நிற்கிற படகுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்திருக்கிறான்.

ஒரு நாள் காலை இரண்டு ஆட்களோடு நேராகப் படகடிக்கு வந்தான். ஒருவன் கையில் ஸ்பானர்.

“ஆச்சி, உங்கட புனிதருக்குப் பிரான்சில இருந்து காணிக்கை வருதாமே?”

“வந்தா உமக்கென்ன? உம்மட உண்டியலுக்குள்ளயோ கை வைச்சனான்?”

“எனக்குத் தெரியாம வெளியில விக்கிறியள். கருவாடும் மீன்தான். இஞ்சினைக் கழட்டுறன்.”

“நாறுது எண்டு நீர் காலால தள்ளின மீன் தம்பி அது. காய்ஞ்ச உடன வாசமாப் போச்சோ?”

பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒரு நட்டு கழன்று முதலாளியின் கைக்கு வந்தது. மகன் கையெடுத்துக் கும்பிட்டான். இஞ்சின் போனால் அவன் இன்னொருவன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும்.

“கழட்டும், வேண்டாம் எண்டு சொல்லேல்ல. எப்பிடிக் கண்டுபிடிச்சனீர் எண்டு மட்டும் ஒருக்காக் காட்டும். நான் படிக்காதவள்.”

தன் கெட்டித்தனத்தைக் காட்டச் சொன்னால் அவனுக்குப் புளுகம் தாங்காது. படகின் பெயரை அடித்து, போனை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினான். என் உள்பாவாடையைக் கம்பத்தில் கட்டிப் பறக்கவிட்டதுபோல் இருந்தது.

மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். “பிள்ளை, அந்த ஐஸ் லொறியில கிடக்கிற பேரையும் ஒருக்கா அடியும்.”

முதலாளி பாய்ந்தான். “ஏய், அது என்ர வியாபாரம்! அது தனிப்பட்ட விசயம்!”

“ஓமோ? என்ரது மட்டும் கோயில் நோட்டீசோ?”

மருமகள் உரத்து வாசித்தாள். நண்டு விலை விழுந்துவிட்டது என்று எங்களுக்குப் பாதிக் காசு தந்தானே, அந்தக் கிழமை கொழும்பிலிருந்து அவனுக்கு வந்தது முந்தின கிழமையைவிடக் கூடுதல். வலை ஊசிகள் நின்றுவிட்டன.

“விழுந்த நண்டு எந்த இடத்தில எழும்பினது, முதலாளி?” என்று கேட்டாள் ஒருத்தி. மற்றவர்கள் எழும்பி வந்தார்கள்.

“நாளைக்குக் கதைப்பம்” என்றான். கையிலிருந்த நட்டை மணலுக்குள் எறிந்துவிட்டுப் போனான். மணலை அரிதட்டால் அரித்தும் அது கிடைக்கவில்லை. புதிது வாங்கிப் போட்டோம்.

இஞ்சின் எங்களிடம்தான் இருக்கிறது. இன்றைக்கும் எங்கள் மீனை அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நிறுப்பான். நானும் சுளித்துக்கொண்டுதான் கொடுப்பேன். லொறியில் இருந்த பெயருக்கு மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டான். நானும் படகின் பெயரை விட்டுவிட்டேன். காசு வாங்க ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு திருக்கை வால் முகவரி.

அதில் தங்கச்சிக்குப் பயம்.

“அக்கா, இது உங்கட வாலோ கள்ளன்ர வாலோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? முகவரியை நீங்களே வாசிச்சு, குரலைப் பதிஞ்சு அனுப்புங்கோ.”

“எனக்கு எங்கயடி அதை வாசிக்கத் தெரியும்?”

“அப்ப மருமகள் வாசிக்கட்டும். பின்னால நீங்கள் முதலாளியை ஒருக்கா ஏசுங்கோ. உங்களைப்போல ஏச வேற ஒருத்தராலயும் ஏலாது.”

ஒவ்வொரு கருவாட்டுப் பொதிக்கும் ஒரு ஏச்சு அனுப்புகிறேன். இதுவரை ஒரே ஏச்சை இரண்டு தரம் சொல்லவில்லை. முதலாளியும் அதற்கு வேண்டியதைக் குறைவில்லாமல் செய்துகொண்டே இருக்கிறான்.