பத்தொன்பதுக்கு நான் சொன்ன உள்ளேன்

ஒரே இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எனக்குக் கால் நமநமக்கும். இப்போதும் அப்படித்தான். பதிமூன்று வயதில் கேட்கவே வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில், கோபிக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்கும் வாழைத்தோப்புக்கும் இடையில் இருந்த ஒரு நடுநிலைப்பள்ளியில் எட்டாவது படித்தேன். வகுப்புக்கு நான்தான் லீடர். லீடர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சாக்பீஸ் வாங்கி வரலாம், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதலாம், அந்தச் சாக்கில் பாடம் நடக்கும்போதே நாலு தடவை எழுந்து வெளியே போய் வரலாம். எனக்கு அது போதவில்லை. எனக்கு மணி வேண்டும்.

மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் கம்பி போட்டுக் கட்டியிருக்கும். பக்கத்தில் அடிக்க ஒரு இரும்புத் தடி. அதை யார் அடிப்பது என்பதற்குப் பெரிய சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தலைமையாசிரியரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வாரம் முழுக்க எந்த வகுப்பில் லீவு குறைவோ, அடுத்த வாரம் மணி அந்த வகுப்புக்கு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மன்றம் நடக்கும். ரெண்டு பாட்டு, ஒரு பேச்சு, ஒரு விடுகதை முடிந்ததும் அவரே எழுந்து போர்டில் கணக்கை எழுதுவார். திங்கட்கிழமைப் பிரேயரில் ஜெயித்த வகுப்பு லீடர் கையில் இரும்புத் தடி. அந்த வாரம் பூராவும் அவன் அடித்தால்தான் பள்ளிக்கூடம் எழும், உட்காரும், வீட்டுக்கு ஓடும்.

ஜூனிலிருந்து பார்க்கிறேன், பாதி வாரங்கள் மணி ஆறாவதுக்கே போகிறது. எட்டாவதுக்கு ஒரு தடவைகூட இல்லை. ஆறாவதில் படிப்பதெல்லாம் குருவிகள், வீட்டில் இருந்தாலும் யாருக்கும் உபயோகம் கிடையாது. எட்டாவது பிள்ளைகளுக்குக் கரும்புச் சோகை உரிக்கிற கை உண்டு, தம்பியைப் பார்த்துக்கொள்கிற இடுப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் இன்னும் மோசம். அறுப்பு, மஞ்சள் வெட்டு எல்லாம் அப்போதுதான். ஆறாவது லீடர் ஒரு வாரம் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, "அக்கா, சித்தெ தொட்டுப் பாக்கறீங்களா?" என்று கேட்டான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

தைப் பொங்கல் நோம்பி முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், இந்த வாரம் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் ஏழரைக்கே கிளம்பி வீடு வீடாகப் போனேன். வாய்க்கால் மேல் பனி புகை மாதிரி நிற்கும். பத்தடி தள்ளி வருகிற மாடு கண்ணுக்குத் தெரியாது, அதன் சலங்கைதான் முதலில் வரும். காய்ச்சல் என்று படுத்திருந்த ஒருவனைப் போர்வையோடு எழுப்பிக் கூட்டிவந்தேன். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை, இப்படி ஒரு பிள்ளை எங்க ஊட்டுல பொறக்கலையே என்று மட்டும் சொன்னார். அவன் பிரேயரில் நின்றபடியே வாந்தி எடுத்தான். அட்டெண்டன்ஸ் எடுத்த பிறகு எடுத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நல்லவேளை, மத்தியானத்துக்குள் தெளிந்துவிட்டான்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. அங்கே இருந்து எங்கள் வகுப்புக்கு வருவது ஒரே ஒருத்தி, பத்தொன்பதாம் நம்பர். கணக்கில் என்னைவிடக் கெட்டி. எங்கே உட்கார்ந்தாலும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஒரு நாளும் லீவு போடாதவள், அவளைப் போய்க் கூப்பிடுவானேன் என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் போனால் வீட்டில் கேள்வி வரும் என்பதும் உண்டு.

திங்கட்கிழமை அவள் வரவில்லை.

ஏழாவது டீச்சர் பிரசவ லீவில் இருந்ததால் ஏழும் எட்டும் அப்போது ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அந்தக் குளிரில் வடக்குப் பார்த்த எங்கள் ரூமுக்குள் உட்கார முடியாது. கிழக்குச் சுவர் ஓரம் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து மண்ணிலேயே உட்காருவோம். வெயில் நகர நகர நாங்களும் பையை இழுத்துக்கொண்டு நகருவோம். யாருக்கும் நிலையான இடம் கிடையாது. அறுபது பேரில் யார் இல்லை என்று தெரியவும் தெரியாது. எங்கள் டீச்சர் ஸ்வெட்டருக்குமேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நம்பரைச் சொல்லிக்கொண்டே போனார். பத்தொம்போது என்றார். ஒரு நொடி யாரும் பேசவில்லை. அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியவில்லை.

"உள்ளேன் டீச்சர்."

நான்தான் சொன்னேன். அவளுக்குத் தொண்டை கட்டினது மாதிரி ஒரு கரகரப்புக் குரல். அதே குரலில் வந்துவிட்டது. டீச்சர் இருபதுக்குப் போய்விட்டார். பின்னால் ரெண்டு பேர் முழங்காலுக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள். ஒரே நாள்தானே, நாளைக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மத்தியானமும் சொன்னேன். செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். புதன்கிழமை என் குரல் அவள் குரலைவிட அசலாக இருந்தது. வியாழக்கிழமை, நம்பர் பதினெட்டு வரும்போதே வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. எதற்கும் சிரிக்காத பையன்கள்கூட என்னைப் பெரிய ஆள் மாதிரிப் பார்த்தார்கள். அவள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரிய சாருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு, மூன்றாம் நாள் சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போய் மிரட்டுவது எல்லாம் இல்லை. வாசலில் நின்று ரெண்டு வார்த்தை பேசுவார், கொடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார், அவ்வளவுதான். மறுநாள் பிள்ளை வந்துவிடும். புதன்கிழமை சாயங்காலம் அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, அம்மை போட்டிருந்த நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்கு மட்டும் போனார். சைக்கிள் கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய்க்கால் பாலம் வலது பக்கம். அப்போதுகூட என் மண்டைக்கு எதுவும் எட்டவில்லை. நான் மனசுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தேன். முதல் மணிக்கு எத்தனை அடி, நீட்டு மணிக்கு எத்தனை அடி.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் பெரிய சார் போர்டில் எட்டு என்று எழுதி, அதற்கு நேரே ஒரு பெரிய சைபர் போட்டார். நோம்பி முடிந்த வாரத்தில் ஒருத்தர்கூட லீவு இல்லை, இப்படி நடந்ததே கிடையாது என்று சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஆறாவது லீடர் தட்டவில்லை. அதைப் பார்த்த சந்தோஷத்தில் நான் வழக்கமான வழியில் வீட்டுக்குப் போகாமல், வாய்க்கால் கரையோடு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பாலத்துக்குப் பக்கத்து மஞ்சள் காட்டில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் கொத்திப் போட, பொம்பளைகள் குந்தி உட்கார்ந்து கிழங்கை ஒடித்துக் குவித்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் அவள் இருந்தாள். தலையில் துண்டு, முழங்கை வரைக்கும் மண்ணும் மஞ்சளும். என்னைப் பார்த்ததும் எழுந்து வரப்புக்கு வந்தாள்.

"ஏம்புள்ள, பெரிய சாருக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன்.

"பொறகு ஏன் வர்ல? புதங்கெழம பொழுதோட பாலத்தையே பாத்துட்டு நின்னேன்."

கையிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேன் ஊருக்குள் வந்துபோகிறது. பிசிறு வெட்டுகிற வேலைக்கு இவளை அனுப்பலாம் என்று அவள் அப்பாவுக்கு யோசனை. மூன்றாம் நாள் பெரிய சார் வருவார், அவர்கிட்டக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். சார் வந்து சொன்னால் சரி என்று அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை யாரும் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் வேன்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விடியக்காலம் வேன்.

"எல்லாரூட்டுக்கும் போவாரு. என்னைய மட்டும் மறந்துபோட்டாரு பாரு."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். நான் திரும்பி ஓடினேன். பெரிய சாருக்கு ஐந்தே முக்காலுக்குப் பஸ். பை முதுகில் அடிக்க அடிக்க ஓடினேன். வாழைத்தோப்புக்குமேல் மறுபடியும் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர் ஆபீஸ் ரூமைப் பூட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியதில் பாதிதான் வெளியே வந்திருக்கும். அவருக்குப் புரிந்துவிட்டது. பூட்டைத் திரும்பத் திறந்து, ரிஜிஸ்டரை எடுத்து, பத்தொன்பதுக்கு நேரே விழுந்திருந்த கோடுகள் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"பத்து வேளையுமா?"

"ஆமாங் சார். இன்னிக்கு மத்தியானம் சேத்திப் பத்துங் சார்."

அவர் கையை ஓங்குவார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார்.

"இந்தக் கோட்ட நம்பித்தான கண்ணு நான் சைக்கிள எடுக்கறேன்" என்றார். பிறகு, "வா" என்றார்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நடந்தேன். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நின்று ஏற்றிக்கொள்ளவா என்பது மாதிரி டிரைவர் ஹாரன் அடித்தார், சார் கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

அவள் அப்பா அப்போதுதான் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். சார் உட்காரவில்லை. வராமல் போனது எங்கள் தப்பு, ரிஜிஸ்டரில் தப்பாக விழுந்துவிட்டது, பிள்ளையை எட்டாவதாவது முடிக்க விடுங்கள் என்றார். என் பேரைச் சொல்லவில்லை. அவள் அப்பா சாரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"நீங்க வருவீங்கன்னு இவ சொன்னாளுங்க. வர்லீங்க. செரி, பள்ளிக்கூடத்துக்கே இவ வேண்டாமாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. இப்ப வேன்காரருகிட்ட வாக்குக் குடுத்தாச்சுங்களே."

நானே சொன்னால்தான் உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

"தப்பு என்னுதுங்க. அவ வந்துட்டான்னு நாந்தானுங்க கொரல் குடுத்தேன். மணி அடிக்கறதுக்காகங்க."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்த பிறகுதான் அதுவே எனக்கு உறைத்தது. அவர் தரையிலிருந்து கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"மணி அடிக்கறதுக்கா அம்மணி?" என்றார்.

என்னைக் குத்திக்காட்ட அவர் கேட்கவில்லை. அவருக்கே நிஜமாகப் புரியவில்லை. பார்க்கலாமுங்க என்று மட்டும் சாரிடம் சொல்லி அனுப்பினார். சனியும் ஞாயிறும் நான் வீட்டில் எப்படி இருந்தேன் என்று என் அம்மாவைத்தான் கேட்கவேண்டும். எண்ணெய் வாங்கி வா என்று அனுப்பினால் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், எண்ணெய் வாங்காமல்.

திங்கட்கிழமை விடியக்காலம் ரோட்டுப் பக்கம் வேன் ஹாரன் கேட்டது. ரெண்டு தடவை. பனியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நின்றதா, போய்விட்டதா என்றும் தெரியவில்லை.

பிரேயரில் பெரிய சார், எட்டாவது கணக்கில் தவறு இருந்தது, மணி ஆறாவதுக்கு என்றார். வகுப்பில் என்னோடு யாரும் பேசவில்லை. கிழக்குச் சுவர் ஓரம் உட்கார்ந்தோம். டீச்சர் ரிஜிஸ்டரைத் திறந்தார். பத்தொன்பதுக்கு நேரே பத்துக் கட்டத்திலும் சிவப்பு மை. அன்று அவர் ஒவ்வொரு நம்பருக்கும் தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தார். பதினேழு. பதினெட்டு. பத்தொம்போது.

யாரும் பேசவில்லை. அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தேன். டீச்சர் ரிஜிஸ்டரில் லீவு என்று போட்டார்.

பதினோரு மணி இன்டர்வெல்லில் அவள் வந்தாள். தோளில் உரச்சாக்கில் தைத்த அவளுடைய பழைய பை. நகக்கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது. அவள் அப்பா வேனைக் கைகாட்டி நிறுத்தி, பரீட்சை முடியட்டும், ஏப்ரலில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வேன்காரர் ஊர் நடுவில் நின்று ஒரு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதெல்லாம் அவள் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் காதில் வாங்கியது. பதிலுக்கு அவர்கள் நான் செய்ததை அவளுக்குச் சொன்னார்கள், நடித்தும் காட்டினார்கள்.

அவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ற கொரலு மாதிரியே பேசுவியாமா. எங்க, சொல்லு கேக்கலாம்."

நான் தலையை ஆட்டினேன்.

"சொல்லு புள்ள. பத்து வாட்டி சொன்னேல்ல. எனக்கு ஒரு வாட்டி சொல்லு."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவளுடைய குரலும் வரவில்லை, என்னுடையதும் வரவில்லை. வேப்பமரத்தடியில் ஆறாவது லீடர் தடியை ஓங்கிக்கொண்டிருந்தான். மணி அடித்ததும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெயில் விழுந்த இடமாகப் பார்த்து, என்னை விட்டு நாலு பேர் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.