அண்ணன் வெட்டிய செர்ரி மரம்

வீட்டுக்கு முன்னால் ஒரு மரம் வைப்பது என்று முடிவானபோது எனக்கும் என் கணவருக்கும் ஒரு கோடை முழுக்க இழுபறி. அவருக்குக் காய்க்கிற மரம் வேண்டும். ஆப்பிளோ பிளம்ஸோ, வாயில் போடக்கூடியதாக இருந்தால் போதும். எனக்கு அலங்காரச் செர்ரி வேண்டும், அடுக்கடுக்கான இளஞ்சிவப்புப் பூக்களோடு.

“பழம் வராத மரத்துக்கு ஆர் தண்ணி ஊத்துறது?” என்றார்.

“நான் ஊத்துறன்.”

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் பிரயோசனமான காரியங்களையே செய்துவிட்டு வருகிறேன். ஒரு பிரயோசனமும் இல்லாமல் அழகாக மட்டும் இருக்கிற ஒன்று என் வாசலில் நிற்கட்டுமே என்று எனக்கு ஆசை. என் வாய்க்குப் பயந்துதான் அவர் ஒத்துக்கொண்டார்.

நாற்றுப்பண்ணையில் குடை போல விரிந்த ஒன்றின் முன்னால் நான் நின்றுவிட்டேன். அங்கிருந்த பெண், அது வளர்ந்தால் உங்கள் யன்னலையும் நடைபாதையையும் மூடிவிடும் என்று சொல்லி, மேல்நோக்கி வளர்கிற இனம் ஒன்றைக் காட்டினாள். அடித்தண்டில் ஒட்டு வைத்த இடத்தைத் தொட்டுக் காட்டி, இது மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், இதற்குக் கீழே எது முளைத்தாலும் அது வெறும் காட்டுச் செர்ரி, கிள்ளி எறிந்துவிடுங்கள் என்றாள். ஒட்டு மாமரம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது உடனே விளங்கியது.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட் ஊரின் மண் மணல்மண். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. முதல் இரண்டு கோடையும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே வாளியோடு போய் நிற்பேன். அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. முதன்முதலாகப் பூத்துக் குலுங்கியபோது, பழம் கேட்ட மனிதரே அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கனடாவிலுள்ள தன் சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பினார். “எங்கட மரம்” என்று எழுதியிருந்தார்.

பிறகு ஓர் இலையுதிர்காலத்தில் என் அண்ணி இறந்துபோனார். அண்ணன் கோல்டிங் நகரத்தில் இருக்கிறார். நெஞ்சு என்னவோ செய்கிறது என்று அண்ணி சொன்னபோது, வாயுவாக இருக்கும், இஞ்சித் தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போயிருக்கிறார். அன்றே அண்ணி போய்விட, அதன் பிறகு அண்ணனோடு கதைக்கவே முடியவில்லை. தொலைபேசியில் எது கேட்டாலும் ஓம் என்பார். மிஞ்சினால் ஒன்று சொல்வார்: “நான் தொடுறதெல்லாம் பட்டுப்போகுது, தங்கச்சி.” வீட்டையும் விற்கப்போவதாகச் சொன்னார். எனக்கு அவரை நினைக்கவே பயமாக இருந்தது.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு அவரை வற்புறுத்தி எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். விடுமுறை என்றாலும் எனக்கு வேலை இருந்தது. ஒரு நாள் மத்தியானம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், வாசலில் மரத்தைக் காணோம். தண்டு நின்றது, அதன் மேல் நாலைந்து கட்டைகள் நின்றன. வெட்டிய கொப்புகள் வேலியோரமாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அண்ணன், அந்தக் குளிரிலும் வேர்த்து, கையில் மரம் அரிகிற வாளோடு.

“முருங்கை மாதிரித்தான் தங்கச்சி. இப்பிடி மொட்டை அடிச்சு விட்டால், பிறகு பார், பொத்துக்கொண்டு வரும்.”

என் கோபம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். சொல்லவேண்டியதெல்லாம் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். அண்ணி போன பிறகு முதல்தரமாக அதில் உயிர் இருந்தது.

“நல்லாத்தான் வெட்டியிருக்கிறியள் அண்ணை. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்றேன்.

எனக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று என் கணவர் என்னையே பார்த்தார். அன்றிரவு அண்ணன் சோற்றை மறுதரமும் போட்டுச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு என் கணவர் இணையத்தில் தேடி வாசித்தார். செர்ரியைக் குளிர்காலத்தில் வெட்டவே கூடாதாம். வெட்டுக்காயத்தால் நோய் இறங்கி மரம் செத்துவிடுமாம்.

“இது முருங்கை இல்லையப்பா” என்றார்.

“எனக்கு விளங்குது. அது அண்ணைக்கு விளங்கக்கூடாது.”

அதுதான் என் பயம். மரம் போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் தன் கையால் இதுவும் பட்டுப்போயிற்று என்று அண்ணன் அறிந்தால், அந்த மனிதரை எங்கே போய் வாங்குவது?

வெட்டிய கொப்புகளை எறிய மனம் வராமல் கொஞ்சத்தை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்திருந்தேன். வீட்டுச் சூட்டுக்கு அவை பொங்கலை ஒட்டிப் பூத்துவிட்டன. கிட்டப் போய் ஒரு படம் எடுத்து, “அண்ணை, உங்கட வெட்டுக்கு மரம் இப்பவே பூத்திட்டுது” என்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

வசந்தம் வந்தது. ஊரில் உள்ள செர்ரியெல்லாம் பூத்தன. எங்களுடையது கொடிக்கம்பம் போல நின்றது, வெட்டிய இடங்களில் பிசின் வடிந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன் தொலைபேசியில், “மரம் எப்பிடி?” என்று கேட்பார். “சோக்கா இருக்கு” என்பேன். ஒரு நாள் அடியில் பச்சைத் துளிர்களைக் கண்டு ஓடிப்போய்க் குந்தினேன். எல்லாம் ஒட்டுக்குக் கீழே. காட்டுச் செர்ரி. ஒவ்வொன்றாகக் கிள்ளும்போது அழுகை வந்துவிட்டது. மரத்துக்காக அழவில்லை.

அந்தக் கிழமையே அண்ணன் தொலைபேசி எடுத்து, சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். “புயலிலை முறிஞ்சது எண்டு சொல்லுவம்” என்றார் என் கணவர். வாள் வெட்டின மரத்தில் புயலாம்! நான் அவரை நன்றாக ஏசினேன், ஆனால் என்னிடமும் வேறு பொய் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை என் கணவர்தான் வெளியிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஈரப்புல்லில் முழங்காலில் நிற்கிறார். கட்டைகளைச் சுற்றிச் செம்பழுப்பாக, அரிசி அளவில், முளைகள். ஒன்றிரண்டு இல்லை.

“ஒட்டுக்கு மேலைதானப்பா. நான் ரெண்டுதரம் பாத்திட்டன்.”

அப்பாடா என்று இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே வைத்தது போல. நான் அந்த ஈரத்திலேயே இருந்துவிட்டேன்.

அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வராமல் நேரே மரத்தடிக்குப் போனார். ஒவ்வொரு கட்டையாகத் தடவிப் பார்த்தார். பிறகு புல்லில் தொப்பென்று குந்திவிட்டார்.

“தப்பிட்டுது” என்றார். “குளிருக்கை வெட்டினால் இந்த மரம் செத்திடும் எண்டு வேலையிலை ஒரு டேனிஷ்காரன் தை மாசமே சொன்னவன். அண்டையிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை.”

எழும்பிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு செர்ரிக் கன்று, வேரைச் சாக்கில் சுற்றிப் படுக்க வைத்திருந்தது. “செத்திருந்தால் வைப்பம் எண்டு கொண்டுவந்தனான்.”

“அப்ப ஏன் அண்ணை இதை என்னட்டைச் சொல்லேல்லை?”

“பூத்திட்டுது எண்டு நீதானே படம் அனுப்பினனீ. படத்திலை வாளியின்ரை பிடி தெரிஞ்சது, தங்கச்சி. நீ எனக்காகப் பொய் சொல்லுறாய் எண்டு நானும் நம்பின மாதிரி இருந்திட்டன்.”

சிரித்தார். அண்ணனுக்குச் சிரிப்பு மறந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

கன்று எங்களுக்குத் தேவைப்படவில்லை. பின்னேரம் அதை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார். இருட்டுவதற்குள் தொலைபேசி எடுத்தார்.

“நட்டிட்டன். உன்ரை அண்ணி நிண்டு சமைச்ச குசினி யன்னலுக்கு நேரை. ஒட்டு மண்ணுக்கு மேலை தெரியுது. நாளைக்கும் தண்ணி ஊத்தோணுமே?”

“ஓம் அண்ணை,” என்றேன். “நாளைக்கும் ஊத்துங்கோ.”