பின்பக்கக் கையெழுத்து

காலையில் பல் விளக்கிய கையோடு, கூலியாக வந்த காசோலையின் பின்பக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிடுவார் சோபாக்காரர். பிறகு அதைச் சட்டைப்பையில் நூல்கண்டோடும் ஆணிகளோடும் திணித்துக்கொண்டு பஸ் ஏறி, நான் உட்காரும் வங்கிக் கவுண்டருக்கு வருவார். இருக்கைகளுக்கு உறை தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் வங்கி நாற்காலியைக்கூட உட்காருமுன் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள ஸ்பிரிங் செத்துப்போச்சும்மா" என்று துக்கம் விசாரிப்பார்.

நானும் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பேன். "அண்ணே, வெறும் கையெழுத்து மட்டும் இருந்தா, இது யாரு கையில இருக்கோ அவங்களுக்குப் பணம். 'இன்னாருக்குக் கொடுக்கவும்'னு எழுதினா அவருக்குத்தான். 'என் கணக்கில் மட்டும் வரவு வைக்கவும்'னு எழுதிட்டீங்கன்னா, திருடன்கூட உங்க கணக்குலதான் கட்டணும்!"

"நம்மகிட்ட எவன்மா திருடப்போறான்?" என்று சிரிப்பார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நேற்று முன்பின் தெரியாத ஒருவன் காசோலையை நீட்டி ரொக்கம் கேட்டான். திருப்பினேன். ஐயோ, சோபாக்காரரின் கையெழுத்து! ஒரு திரையரங்கு முழுக்க இருக்கை தைத்த கூலி அது. மனைவியின் கண் அறுவை சிகிச்சைக்கு அதைத்தான் நம்பியிருப்பதாகப் போன வாரம் சொல்லியிருந்தார். "ஒரு நிமிஷம், அவரையே கேட்டுடறேன்" என்று போனை எடுத்தேன். நிமிர்ந்தால் ஆளைக் காணோம். காசோலை மட்டும் என் கையில் இருந்தது.

போனில் சொன்னதும் பேயறைந்த முகத்தோடு ஓடிவந்தார் சோபாக்காரர். காசோலை பஸ்ஸில் விழுந்திருக்கிறது. நான் கூப்பிடும்வரை மனுஷருக்கு அது தெரியவே தெரியாது.

"வேற யாராவது இங்க உட்கார்ந்திருந்தா இந்நேரம் போயே போச்சு! கையெழுத்தை வீட்டுலயே போட்டுட்டு வர அப்படி என்னண்ணே அவசரம்?" என்று கத்திவிட்டேன். வரிசையே எங்களைப் பார்த்தது.

"நாலு பேரு பாக்குறப்ப எழுதினா கை நடுங்குதும்மா" என்றார், குரல் வெளியே வராமல். "ஒரு தடவை கையெழுத்து ஒத்துப்போகலன்னு திருப்பிட்டாங்க. மானமே போச்சு."

எத்தனை வருடமாகப் பாடம் நடத்துகிறேன், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா!

பேனாவை நீட்டினேன். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கையெழுத்துக்கு மேலே 'என் கணக்கில் மட்டும்' என்று எழுத்தெழுத்தாக எழுத ஆரம்பித்தார்.