ஆளில்லாக் கப்பலுக்கு இரண்டாவது வழி

கப்பல் பொறியாளர் குணசேகரன் செவ்வாய்க்கிழமை விடியலில் காலமானார். நுரையீரல் செயலிழந்துவிட்டதாக அவர் மகள் தேன்மொழி தொலைபேசியில் உறுதிசெய்தார். அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் மாமா என்றார்.

அவரோடு கப்பலில் வேலை பார்த்த நீங்கள் அவரைத் துறைமுகங்களில் பார்த்திருப்பீர்கள். கடைசி வருடங்களில் நான் பார்த்தது பெரிய காஞ்சிபுரத்தில், தெருவோரத்து முன்னறையில், மூக்கில் குழாயோடு. ஆக்சிஜன் தரும் மின்கருவி கட்டிலருகே உறுமும். குழாயின் நீளம் வாசற்படியோடு முடிந்துவிடும். கடல்களைத் தாண்டியவர் அந்தப் படியைத் தாண்டவில்லை. “இன்ஜின் ரூம்ல கெடந்தேன். இப்ப இன்ஜினே என் ரூம்ல வந்து குந்திக்கினு இருக்குதுபா” என்பார்.

அங்கிருந்தபடியே, மாலுமிகள் இல்லாமல் தானே ஓடும் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு இன்ஜின் தேர்வில் ஆலோசனை சொல்லிவந்தார். ஒரே பெரிய டீசல் இன்ஜின் போதும் என்றது நிறுவனம். வடிகட்டி அடைத்தால் கழற்றித் துடைக்க ஆள் ஏது என்று கேட்டார். ஜெனரேட்டர்களும் பேட்டரிகளும் சேர்ந்து மோட்டாரைச் சுழற்றும் ஏற்பாட்டுக்கு இறங்கிவந்தார்கள். ஆனால் இடத்தை மிச்சம்பிடிக்க, எல்லா மின்சாரத்தையும் ஒரே மின்பலகை வழியாக அனுப்பினார்கள். இரண்டு பலகை இல்லாமல் ஒப்ப மாட்டேன் என்றார். பேச்சு அங்கேயே நின்றது.

தேர் நாளன்று நான் அவரோடு இருந்தேன். தேர் வரும் தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். வீட்டில் இரண்டு பேட்டரிகள் இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. பாதியில் இன்வெர்ட்டர் பழுதானது. இரண்டு பேட்டரிகளும் அந்த ஒன்றில்தான் மாட்டியிருந்தன. நிரப்பக் கொடுத்த ஆக்சிஜன் சிலிண்டர் தெருமுனைக் கடையில். வாசலைத் திறந்தால் கால் வைக்க இடமில்லாத கூட்டம், தேர் நகரவில்லை. அவர் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. தேன்மொழி பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார். பின்வீட்டுக்காரர்கள்தான் சிலிண்டரைச் சுவர்மேல் தூக்கிக் கொடுத்தார்கள்.

மூச்சு திரும்பியதும் மகள் சொன்னார்: “கப்பலுக்கு ரெண்டு கேக்கறீங்க. நமக்கு ஒண்ணே ஒண்ணு வச்சிக்கினீங்களேப்பா.”

அவர் சிரிக்கவில்லை. “ரெண்டும் ஒரே எடத்துல சேந்தா அது ஒண்ணுதாம்மா. மறந்துட்டேன்” என்றார். மறுநாள் நிறுவனத்தை அழைத்து, தன் வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னார். அதன்பிறகே அவர்கள் மறுபடி யோசிக்கத் தொடங்கினார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாக்கியம். இரண்டு பேர் ஒரு செய்தியைச் சொன்னால், இருவருக்கும் சொன்னவர் ஒருவரா என்று இப்போது கேட்கிறேன்.

இரண்டாவது மின்பலகை வரைபடத்தில் ஏறிவிட்டதாக நிறுவனம் சொல்கிறது. தேன்மொழியும் சொல்கிறார், அவருக்குச் சொன்னதும் நிறுவனமே. ஆகவே அதை உறுதியான செய்தியாக இங்கே எழுதவில்லை. இறுதி வரைபடம் இம்மாதக் கடைசியில் வெளிவரும்.